சாமிக்கு நேர்ந்த கிடாயும் அதற்குப் பாலூட்டிய என் மகளும்: எப்படிச் சொல்வது?

மூலனூர் மருமகள் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். தாராபுரத்தை அடுத்த மூலனூர்ப் பக்கம், மாமனார் வழியில் வந்த இரண்டு ஏக்கர் நிலத்தில், தோட்டத்து வீட்டிலேயே குடியிருக்கிறோம். கணவருக்குக் கோயம்புத்தூரில் வேலை. வாரக் கடைசியில் வந்து போவார். நான் வீட்டிலிருந்தபடியே கணக்கு எழுதும் வேலை பார்க்கிறேன். பிழைப்பு இந்த நிலத்தை நம்பி இல்லை. கிணற்றடியில் கொஞ்சம் தென்னையும் வாழையும், வீட்டுக்கு வேண்டிய காய்கறி, மீதி கிளுவை வேலி போட்ட கொறங்காடு, அதாவது மேய்ச்சல் காடு. அதில் ஐந்தாறு வெள்ளாடுகள், வாசலில் நாட்டுக்கோழிகள், அவ்வளவுதான். பிள்ளைகள் உயிர்களோடு பழகி வளரட்டும் என்ற ஆசையில்தான் நகரத்து வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு இங்கே வந்தோம்.

மகளுக்கு ஆறு வயது, மகனுக்கு மூன்று. போன சித்திரையில் ஓர் ஆடு மூன்று குட்டிகளை ஈன்றது. ஆட்டுக்கு இருப்பது இரண்டே காம்பு என்பதால், மற்ற இரண்டும் இடித்துத் தள்ள, மூன்றாவதாகப் பிறந்த கிடாய்க்குட்டி எழுந்திருக்கவே முடியாமல் கிடந்தது. என் அத்தை, அதாவது மாமியார், பசும்பாலைக் காய்ச்சி ஆறவைத்துப் புட்டியில் ஊற்றிக் கொடுக்க, மகள்தான் அதை மடியில் போட்டுக்கொண்டு பால் கொடுத்துத் தேற்றினாள். இன்றைக்கும் பள்ளி வேனின் ஒலி கேட்டால் மற்ற ஆடுகள் வேலாங்காய் பொறுக்கிக்கொண்டிருக்க, இது மட்டும் படலடியில் வந்து நின்று அவள் சுண்டுவிரலைச் சப்பும். கருவாயன் என்று பெயரும் வைத்திருக்கிறாள்.

அந்தச் சமயத்தில் மகனுக்குக் கடுமையான காய்ச்சல் வந்து மருத்துவமனையில் சேர்த்திருந்தோம். பிள்ளை பிழைத்து வந்தால் இந்தக் கிடாயை மாசித் திருவிழாவில் கருப்பராயனுக்கு விடுவதாக அத்தை மஞ்சள் துணியில் காசு முடிந்து நேர்ந்துகொண்டார். வீட்டில் பெரியவர்கள் எல்லோருக்கும் இது தெரியும். மகளுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. இப்போது தை பிறந்துவிட்டது. திருவிழா முடிந்தபின் "எங்கோ ஓடிப்போய்விட்டது" என்று சொல்லிக்கொள்ளலாம் என்கிறார் கணவர். அத்தையின் நேர்த்தியை மறுத்துப் பேசவும் எனக்கு மனம் வரவில்லை, மகளிடம் பொய் சொல்லவும் வாய் வரவில்லை. வேறொரு கிடாயை விலைக்கு வாங்கி விட்டால் நேர்த்தி நிறைவேறியதாகுமா? உண்மையைச் சொல்வதென்றால் ஆறு வயதுப் பிள்ளையிடம் எந்த அளவுக்குச் சொல்லலாம்? இனிமேல் பிறக்கப் போகும் கிடாய்க்குட்டிகளுக்கும் இதே கேள்வி எழும் என்பதால், சிறு பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஆடு வளர்க்கிறவர்கள் இதை எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்பதையும் எழுதினால் உதவியாக இருக்கும்.

காங்கயத்துக்காரி

அம்மிணி, நான் பட்டியும் தொழுவமுமாக இருந்த வீட்டில் பிறந்து வளர்ந்தவள். இப்போது பேரன் பேத்தி எடுத்துவிட்டேன். எங்கள் காலத்தில் பிள்ளைகளுக்கு எதையும் உட்காரவைத்து விளக்கியதில்லை. ஆனால் மறைத்ததும் இல்லை. நேர்ந்த குட்டியின் கழுத்தில் அன்றைக்கே மஞ்சள் கயிறு கட்டிவிடுவார்கள். அது சாமிக்குட்டி என்று நடை பழகும் பிள்ளைக்குக்கூடத் தெரியும். தழை ஒடித்துப் போடுவோம், தண்ணீர் காட்டுவோம், ஆனால் மனத்தில் ஓர் எல்லை தானாக விழுந்திருக்கும். உங்கள் மகளுக்கு அந்த எல்லை யாராலும் காட்டப்படவில்லை. அதற்கு மேல், புட்டிப்பால் குடித்து வளர்ந்த குட்டி மனிதரைத்தான் தாய் என்று நினைக்கும் என்பதால், ஒட்டுதல் இரண்டு பக்கமும் இருக்கிறது.

ஓடிப்போய்விட்டது என்று மட்டும் சொல்லாதீர்கள். ஆறு வயதுப் பிள்ளை அதை நம்பும், நம்புவதுதான் கேடு. கொறங்காடு முழுக்கத் தேடுவாள், வேலியில் எந்த இடத்தில் சந்து என்று பார்ப்பாள், படலைச் சாத்தாமல் விட்டது தானோ என்று தன்னையே நொந்துகொள்வாள். பிறகு ஏதோ ஒரு விசேஷ வீட்டில் உறவுக்காரர் ஒருவர் வாய்தவறிச் சொல்லும்போது, ஆடு போன துக்கத்தோடு அம்மாவும் சேர்ந்து ஏமாற்றினாள் என்பதும் வந்து சேரும். "சாமி கூப்பிட்டுக்கொண்டது" என்பதும் வேண்டாம். சாமி அடுத்து யாரைக் கூப்பிடும் என்று இரவில் தூங்காமல் கிடந்த பிள்ளையை எங்கள் உறவிலேயே பார்த்திருக்கிறேன்.

"கருவாயனைக் கோயிலில் வெட்டுவார்கள், அது செத்துப்போகும், திரும்பி வராது" என்று நேராகச் சொல்லுங்கள். கோயிலுக்குப் புறப்படுகிற காலையில் சொல்லாமல், அழவும் கோபப்படவும் கேள்வி கேட்கவும் அவளுக்கு நாள் இருக்கும்படி முன்கூட்டியே சொல்லுங்கள். ஆனால் "தம்பி பிழைத்ததற்காக" என்பதை இப்போது சொல்லாதீர்கள் என்பது என் எண்ணம். தம்பிக்குப் பதில்தான் கருவாயன் போனது என்று ஒரு கணக்கு அந்தப் பிஞ்சு மனத்தில் விழுந்துவிட்டால், அது தம்பி மீது வன்மமாகவும் மாறலாம், தன் மீதே குற்ற உணர்வாகவும் மாறலாம்.

வெட்டும் இடத்துக்கு அவளை அழைத்துப் போக வேண்டாம். மஞ்சள் நீர் தெளித்து, ஆடு உடலைச் சிலிர்த்து உதறும் வரை உத்தரவுக்காகக் காத்திருப்பார்கள். சில ஆடுகள் நெடுநேரம் சும்மா நின்றுகொண்டிருக்கும், கூட்டம் பொறுமையிழந்து கூச்சல் போடும். பெற்ற பிள்ளைபோல் வளர்த்தவள் பார்க்கும் காட்சி அல்ல அது. அன்றைய விருந்தில் அது என்ன கறி என்பதையும் மறைக்காதீர்கள். வேண்டாம் என்றால் அவளுக்குத் தயிர்ச்சோறு போடுங்கள்; சாமி கோபித்துக்கொள்ளாது.

மாற்றுக் கிடாய் விடலாமா என்பதை உங்கள் அத்தையும் கோயில் பூசாரியுமே சொல்ல வேண்டும். குறிப்பிட்ட ஆட்டைக் காட்டி நேர்ந்திருந்தால் பெரும்பாலும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். எதற்கும் மரியாதையாக ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்

நேர்த்தியைப் பற்றி நான் பேசவில்லை. கிடாயைப் பற்றிச் சில செய்திகள் சொல்ல வேண்டியிருக்கிறது.

சித்திரையில் பிறந்த கிடாய்க்கு இப்போது ஒன்பது மாதம். வெள்ளாட்டுக் கிடாய் நான்கைந்து மாதத்திலேயே இனச்சேர்க்கைக்குத் தயாராகிவிடும். உங்கள் கருவாயன் காயடிக்கப்படாமல் தாயோடும் உடன்பிறந்த பெட்டைகளோடும் ஒரே பட்டியில் கிடந்திருந்தால், அவற்றில் சில ஏற்கெனவே சினையாகியிருக்கலாம். வெள்ளாட்டின் சினைக்காலம் ஏறத்தாழ 150 நாள். ஆகவே மாசிக்கு முன்போ பின்போ புதுக்குட்டிகள் வந்து நிற்கும் வாய்ப்பு இருக்கிறது. உடல் எடை கூடாத இளம் பெட்டைகளுக்குப் பேறு கடினமாக இருக்கும் என்பதால், அவற்றை அருகிலுள்ள அரசுக் கால்நடை மருந்தகத்தில் காட்டிச் சினைப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். கருவாயனை இன்றைக்கே தனியாகக் கட்டுங்கள்.

இரண்டாவது, கிடாயைக் காப்பாற்றிச் செல்லமாகவே வைத்துக்கொள்வது என்று முடிவெடுத்தாலும், அது இப்போதிருக்கும் கருவாயனாகவே இருந்துவிடாது. வயது ஏற ஏறக் கொம்பின் பின்புறச் சுரப்பியிலிருந்து வீச்சம் வரும், முட்டும் பழக்கம் வரும். புட்டிப்பாலில் வளர்ந்த கிடாய்க்கு மனிதரிடம் பயம் கிடையாது. அது விளையாட்டாக முட்டுவதே மூன்று வயதுப் பிள்ளையின் முகத்துக்கு நேராக வரும். தலையைத் தள்ளி விளையாடும் பழக்கத்தை மகளிடம் உடனே நிறுத்தச் சொல்லுங்கள். நன்றாகப் பராமரித்தால் வெள்ளாடு பத்து ஆண்டுகளுக்கு மேலும் வாழும் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, குட்டிகள் பிறக்கும்போது பிள்ளைகள் தள்ளி நின்று பார்க்கலாம். ஆனால் நஞ்சுக்கொடியையும் பனிக்குட நீரையும், குறிப்பாகக் கருச்சிதைவு ஆனதையும், அவர்களோ கர்ப்பிணிகளோ தொடக் கூடாது. புரூசெல்லோசிஸ் போன்ற நோய்கள் அந்த வழியாக வரும். பாலைக் காய்ச்சாமல் கொடுக்க வேண்டாம். உதட்டில் பொருக்குப் பொருக்காகப் புண் வந்த குட்டியைத் தொட்டால் கைவிரலிலும் அதே புண் வரும் என்பதால், விரலைச் சப்பக் கொடுக்கும் பழக்கத்தையும் விட்டுவிடுவது நல்லது. பட்டிக்குள் செருப்பு, வெளியே வந்ததும் சோப்புப் போட்டுக் கைகழுவல் என்ற இரண்டையும் வழக்கமாக்கிவிடுங்கள்.

சின்னத்தோட்டம்

நாங்கள் ஒட்டன்சத்திரம் பக்கம். எங்களுக்கும் இரண்டு சிறு பிள்ளைகள். அசைவம் சாப்பிடுகிற குடும்பம்தான். பலி கொடுப்பது சரியா தவறா என்று இங்கே யாரும் தொடங்கிவிட வேண்டாம் என்று முதலில் கேட்டுக்கொள்கிறேன். 2003இல் பழைய தடைச் சட்டத்தைத் தூசுதட்டி எடுத்து, 2004இல் அதையே திரும்பப் பெற்ற அரசாங்கத்தாலேயே முடிக்க முடியாத விவாதம் அது.

காங்கயத்து அக்கா சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். தம்பிக்கான நேர்த்தி என்பதை மறைக்கச் சொல்வதில்தான் எனக்கு உடன்பாடில்லை. கோயிலில் பங்காளிகள் அத்தனை பேரும் கூடியிருப்பார்கள்; "உன் தம்பிக்காக நேர்ந்ததுதானே" என்று பத்துப் பேராவது அவள் காதில் போடுவார்கள். அதை முதன்முதலில் யாரோ ஒரு பெரியப்பாவிடமிருந்து கேட்பதைவிட, தம்பியின் காய்ச்சலை இறக்கியது மருத்துவர் கொடுத்த மருந்து, பயந்துபோயிருந்த அப்பத்தா அந்த நேரத்தில் சாமியிடம் ஒரு வாக்குக் கொடுத்தார், அந்த வாக்கைத்தான் இப்போது காப்பாற்றுகிறார் என்று உங்கள் வாயால் கேட்பது நல்லது. கணக்கு அப்போது தம்பிக்கும் ஆட்டுக்கும் இடையில் இல்லாமல், அப்பத்தாவுக்கும் சாமிக்கும் இடையில் போய்விடும்.

இன்னொன்று. மூன்று நான்கு வயதில் சாவு என்பதைத் தூக்கம்போல, திரும்பி வரக்கூடியதாகவே பிள்ளைகள் எடுத்துக்கொள்வார்கள். ஆறேழு வயதில்தான் போனது வராது என்பது உறைக்கத் தொடங்கும். உங்கள் மகள் சரியாக அந்த வாசலில் நிற்கிறாள். சொன்ன அன்று அழாமல் விளையாடப் போனாலும் புரியவில்லை என்று நினைக்காதீர்கள். நாலு நாள் கழித்துச் சாப்பாட்டின் நடுவில் ஒரு கேள்வி வரும். மகன் "கருவாயன் எப்ப வரும்" என்று தினமும் கேட்பான். அவனுக்கும் அதே பதிலைத்தான் சலிக்காமல் சொல்ல வேண்டும்.

நெடுநாள் ஏற்பாட்டைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். எங்கள் வீட்டில் பெட்டையாடுகளுக்கும் கோழிகளுக்கும் மட்டுமே பிள்ளைகள் பெயர் வைக்கலாம். முட்டை எடுப்பதும் அடைகாக்கும் கோழிக்கு நாள் எண்ணுவதும் அவர்கள் பொறுப்பு. 21 நாளுக்குச் சுவரில் கரிக்கோடு போடுவார்கள். கிடாய்க்குட்டி பிறந்த வாரமே, இது வளர்ந்ததும் சந்தைக்குப் போகும் என்று சொல்லிவிடுவோம். கன்னிவாடிச் சந்தைக்குப் பெரியவனையும் கூட்டிப் போவதுண்டு. வியாபாரிகள் துண்டுக்குள் கையை விட்டு விரலைப் பிடித்து விலை பேசுவதைக் கண்கொட்டாமல் பார்த்துவிட்டு, வீட்டுக்கு வந்து தங்கையோடு துண்டுக்குள் விரல் பிடித்து முறுக்குக்கு விலை பேசிக்கொண்டிருந்தான். ஆடு போன வருத்தமும் அவனுக்கு இருந்தது. ஆனால் அது எங்கே போனது, யார் வாங்கினார்கள், எவ்வளவு பணம் வந்தது, அந்தப் பணத்தில் என்ன வாங்கினோம் என்பதெல்லாம் அவனுக்குத் தெரியும்.

மூலனூர் மருமகள்

மூவருக்கும் மிக்க நன்றி. அத்தையிடம் தயங்கித் தயங்கித்தான் பேச்செடுத்தேன். காட்டிக் கொடுத்த கிடாயை மாற்ற முடியாது என்பதில் அவர் உறுதியாக இருக்கிறார். ஆனால் ஓடிப்போனதாகச் சொல்லும் யோசனை அவர் மகனுடையது என்று தெரிந்ததும், "சாமிக்கு விட்டதைத் திருட்டுப்போனது மாதிரிச் சொல்வதா" என்று கோபித்துக்கொண்டவரும் அவர்தான். நான் சொல்ல வேண்டியதைத் தானே சொல்வதாக வாங்கிக்கொண்டார். மறுநாள் மாலை பட்டித் திண்ணையில் மகளை உட்காரவைத்து, மருத்துவமனை வராந்தாவில் தான் தனியாக உட்கார்ந்திருந்ததிலிருந்து தொடங்கி, ஒன்று விடாமல் சொன்னார். வெட்டுவது என்ற சொல்லையும் தவிர்க்கவில்லை.

மகள் அழுதாள். அப்பத்தாவோடு பேச மாட்டேன் என்று இரண்டு வேளை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு வந்து, "என்னைக் கேட்காமல் ஏன் நேர்ந்தீர்கள்" என்று கேட்டாள். அத்தையிடம் அதற்குப் பதில் இல்லை. கேட்டிருக்க வேண்டும் என்று மட்டும் சொன்னார். திருவிழாவன்று பந்தலில் என்னோடு இருப்பதாகவும், கறி வேண்டாம் என்றும் மகளே தீர்மானித்திருக்கிறாள். தம்பிக்கு யாரும் கறி ஊட்டக் கூடாது என்றும் உத்தரவு போட்டிருக்கிறாள். அதை மட்டும் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

மருத்துவர் ஐயா சொன்னதும் சரியாகப் போயிற்று. இரண்டு ஆடுகள் சினை. அவற்றில் ஒன்று கருவாயனின் உடன்பிறப்பு. பிறக்கும் கிடாய்க்குட்டிகளை எந்த வயதில் காயடிப்பது? அதற்குள் மகளிடம் என்ன சொல்லி வைக்க வேண்டும் என்பது எனக்கே இப்போது தெரிகிறது. ஆட்டுக்கு என்ன செய்ய வேண்டும் என்பதை மட்டும் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்

இரண்டு மூன்று மாதத்துக்குள் செய்துவிடுங்கள். கத்தி வைக்காமல் இடுக்கியால் நரம்பை நசுக்கும் முறைதான் குட்டிக்கு நல்லது. கால்நடை மருந்தகத்திலேயே செய்வார்கள். வீட்டில் கயிறு கட்டியோ கல்லால் நசுக்கியோ செய்யும் பழைய வழக்கத்துக்கு இடம் கொடுக்காதீர்கள். கோயிலுக்கு என்று நினைக்கும் குட்டியை எங்கள் பக்கம் காயடிப்பதில்லை என்பதால், எது அப்படி என்பதை உங்கள் அத்தை அந்த வயதுக்குள் முடிவு செய்துவிட வேண்டும். காயடித்த கிடாய்க்குத் தானியமும் தவிடும் அதிகம் கொடுத்தால் சிறுநீர்க்குழாயில் கல் அடைத்து உயிருக்கே ஆபத்தாகும். கொறங்காட்டு மேய்ச்சலும் தழையும் நிறையத் தண்ணீரும் போதும்.

சினையான இளம் பெட்டையை நாள் நெருங்கும்போது தனியாகக் கட்டிக் கண்காணியுங்கள். வலி தொடங்கி ஒரு மணி நேரமாகியும் குட்டி வெளியே தெரியவில்லை என்றால் கையை விட்டு இழுக்காமல் மருத்துவரை அழையுங்கள். அந்த நேரத்தில் மகள் பள்ளியில் இருந்தால் நிம்மதி.