மறு: எரிதத்துக்குள் ஒளிந்து வரும் செய்திக்கு என்ன பெயர்?

வணக்கம். எரிதத்துக்குள், அதாவது கேட்காமலே வந்து குவியும் விளம்பர மின்னஞ்சலுக்குள் (ஸ்பாம்), ரகசியச் செய்தியை ஒளித்து அனுப்பும் முறைக்குத் தமிழ்ப்பெயர் தேடிக்கொண்டிருக்கிறோம்.

> ‘மறையஞ்சல்’ என்றே வைத்துவிடலாமே, சுருக்கமாக இருக்கிறது.

சுருக்கம்தான். ஆனால் ‘மறை’ ஏற்கெனவே வேறு வேலையில் இருக்கிறது. மறைக்குறியீடு, மறையாக்கம் என்று பூட்டிவைக்கும் நுட்பங்களுக்கு அதைக் கொடுத்துவிட்டோம். பூட்டிய பெட்டியைப் பார்த்தாலே உள்ளே ஏதோ இருக்கிறது என்று தெரிந்துவிடும். நாம் பேசுவது, பெட்டி இருப்பதே தெரியாத வித்தையை. ‘ஒளியஞ்சல்’ என்றால் ஒளியிழையில் போகும் அஞ்சல் என்று நினைப்பார்கள்.

ஸ்பாம்மிமிக் தளத்தைப் பாருங்கள். கணினி நூலாசிரியர் பீட்டர் வேய்னர் சொன்ன ‘போலச்செய்யும் சார்பு’தான் (mimic function) அதற்கு அடிப்படை. சின்னதாக ஒரு செய்தியைக் கொடுத்தால், அசல் எரிதம் போலவே நீளமாக ஒரு கடிதம் வரும். ‘அன்பு நண்பரே’ என்று தொடங்குகிறதா, வேறு விளிப்பா என்பதிலேயே செய்தியின் ஒரு துளி இருக்கும். இரண்டு வாய்ப்பில் ஒன்றை எடுத்தால் ஒரு பிட், நான்கில் ஒன்று என்றால் இரண்டு. அமெரிக்க செனட்டின் இந்த எண்ணுள்ள மசோதாப்படி அனுப்புகிறோம் என்று நடுவில் ஒரு வரி வரும். அந்த எண்ணும் கொடுக்கிற செய்திக்கேற்ப மாறும்! எரிதம் என்றாலே உளறல் என்று நாம் பழகிவிட்டோம். உளறல் கொஞ்சம் கூடினால் யாருக்குச் சந்தேகம் வரப்போகிறது?

> அனுப்பியவரைப் பிடித்தால் எல்லாம் வெளிவந்துவிடாதா?

அனுப்புநர் முகவரியை நம்பவே கூடாது, அதில் யார் பெயரையும் போடலாம். அஞ்சல் கடந்துவரும் ஒவ்வொரு வழங்கியும் (சர்வர்) தலைப்பகுதியின் உச்சியில் ஒரு வரி சேர்க்கும், அந்தக் காலத்தில் ஒவ்வொரு தபால் நிலையத்திலும் முத்திரை குத்தியதைப் போல. இதற்கு ‘வழிமுத்திரை’ என்ற சொல்லையும் இதே சாக்கில் முன்வைக்கிறேன். நம் வழங்கி குத்திய மேல்முத்திரையிலிருந்து கீழ்நோக்கிப் படிக்க வேண்டும். நமக்குத் தெரியாத வழங்கிக்கு வந்ததும் நிறுத்திவிடலாம், அதற்குக் கீழே உள்ளதெல்லாம் பொய்யாக எழுதி ஒட்டியதாக இருக்கலாம். அப்படிப் படித்துப்போய்ச் சேரும் இடமும் பெரும்பாலும் வைரஸ் பிடித்த யாரோ ஒருவரின் வீட்டுக் கணினிதான். 2008 நவம்பரில் கலிஃபோர்னியாவின் மெக்கோலோ நிறுவனத்துக்கு இணைய இணைப்பைத் துண்டித்ததும் உலக எரிதம் சட்டெனச் சரிந்தது. அங்கே இருந்தவை அத்தகைய கணினிகளை ஆட்டிவைத்த வழங்கிகள்.

சரி, அனுப்பியவரே அகப்பட்டார் என்று வைத்துக்கொள்வோம். பெறுநர் யார்? சாதாரண அஞ்சலில் இரண்டு முனையும் தெரியும். பத்து லட்சம் பேருக்குப் போன எரிதத்தில் உண்மையான பெறுநர் ஒருவரே. மற்றவர்கள் படிக்காமலே அழித்துவிடுவார்கள், அவரும் அழித்தவர் போலவே இருந்துவிடுவார். எனக்கு இதில் பிடித்த இடமே இதுதான். செய்தி மட்டுமல்ல, ஆளும் கூட்டத்துக்குள் ஒளிந்துகொள்கிறார்.

அதனால் என் பரிந்துரை ‘கரந்துறை அஞ்சல்’. இது நான் கட்டிய சொல்லும் அல்ல. அணியிலக்கண நூலான தண்டியலங்காரம் சொல்லும் சித்திரகவி (எழுத்து விளையாட்டுப் பாட்டு) வகைகளில் கரந்துறைச் செய்யுள் ஒன்று. ஒரு பாட்டின் எழுத்துகளுக்குள் வேறொரு பாட்டு ஒளிந்து உறையும். கூடசதுக்கம் என்ற இன்னொரு வகையில் நான்காம் அடியின் எழுத்துகளெல்லாம் முதல் மூன்று அடிகளுக்குள்ளேயே கிடக்கும். புலவர்கள் விளையாட்டாகச் செய்ததை இங்கே நிரல் செய்கிறது. சொல்லும் நன்றாகவே கிளைக்கிறது: கரந்துறை படம், கரந்துறை ஒலி, துறைக்குக் கரந்துறையியல். ‘உறை’ என்பதில் கடித உறையும் வந்து நிற்பது இலவச இணைப்பு.

> ‘கரப்பு’ என்று சுருக்கினால் என்ன? சித்திரகவியில் ‘காதை கரப்பு’ என்றும் ஒரு வகை இருக்கிறதே.

இலக்கணப்படி சரிதான். ஆனால் ‘என் அஞ்சல்பெட்டியில் கரப்பு’ என்று எழுதிப் பாருங்கள், படிப்பவர் துடைப்பத்தைத் தேடுவார்.

‘எரிதம்’ சரியா தவறா என்ற பழைய சண்டையை இந்த இழையில் இழுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ‘வழிமுத்திரை’க்கு மறுப்பு இருந்தால் சொல்லுங்கள். ‘தடமுத்திரை’யா என்று எனக்கே ஒரு தயக்கம் இருக்கிறது.