உலோகம் செய்யப் போய்ப் பாய் பின்னிய கதை

உப்புவெளி டிசைனர்:

துறைமுகப் பக்கம் படகு எஞ்சின் திருத்தும் ஓர் ஐயா போன மாதம் எங்கள் கடைக்கு வந்தார். புதிய பெயர்ப்பலகை வேண்டுமாம். எவர்சில்வர் தகட்டில் எழுத்து வெட்டியது போல இருக்க வேண்டும், ஆனால் தகடு வேண்டாம். "உப்புக் காத்துக்கு ரெண்டு மாரி தாங்காது தம்பி, கறை பிடிச்சிடும். நீங்க படமாவே அடிச்சுத் தாங்க" என்றார்.

எனக்கு அது சின்ன வேலையாகத்தான் பட்டது. பிரஷ்ட் மெட்டல் என்கிற இந்தக் கீறல் ஓடிய உலோகத் தோற்றத்தை, ஃபோட்டோஷொப் பழகிய காலத்தில் எல்லோரும் ஒரு தடவையாவது செய்து பார்த்திருப்போம். அப்பிள் 1999இல் குவிக்டைம் 4 என்ற வீடியோ இயக்கிக்கு அந்தச் சட்டையைப் போட்டது. 2007இல் மெக் இயங்குதளத்தின் லெப்பர்ட் பதிப்பில் கழற்றும்வரை மெக் திரையில் பல ஜன்னல்கள் சாம்பல் தகடாகவே கிடந்தன. எங்கள் வயதுக்காரருக்கு அது ஒரு காலத்து மோகம்.

செய்முறை தெரிந்ததுதான். நடுச் சாம்பல் நிறத்தை ஊற்றி, பொடிப் புள்ளி தூவும் அட் நொய்ஸில் கௌஸியன் வகையைத் தெரிவு செய்து, ஒரே நிறம் என்று சொல்லும் மொனோகுரோமட்டிக் பெட்டியில் சரி போட வேண்டும். அதை மறந்தால் சிவப்பும் பச்சையுமாகக் கலர் பொடி தூவியது போல வரும். பிறகு புள்ளிகளை ஒரே திசையில் இழுத்து மங்கலாக்கும் மோஷன் பிளர், கோணம் 0, அதாவது கிடையாக. பத்து நிமிட வேலை. எழுத்தையும் வைத்து அச்சடித்துக் காட்டினேன். ஐயா மூக்குக்கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். நகத்தால் ஒரு தரம் சுரண்டினார். "இது தகடு இல்லையே தம்பி, நரைச்ச பாய்" என்றார்.

கோபம் வந்தது, மறைக்கவில்லை. அன்று மாலை ஏடிஎம்மில் காசு எடுக்கப் போனேன். அந்த இயந்திரத்தின் முகப்பே கீறல் ஓடிய எவர்சில்வர் தகடு என்பது அன்றைக்குத்தான் கண்ணில் பட்டது. கோடுகள் கிடையாக ஓடுகின்றன. மேலே எரிந்த எல்இடி பல்ப்பின் வெளிச்சமோ செங்குத்தாக ஒரு வெள்ளைப் பட்டையாக நிற்கிறது. தலையை இடமும் வலமும் அசைத்தால் பட்டையும் கூடவே நகர்கிறது. குனிந்து நிமிர்ந்தால் அது பெரிதாக மாறவில்லை. இப்படி நாலைந்து தரம் ஆடியிருப்பேன். காவலுக்கு இருந்தவர் கிட்ட வந்து, "காசு வரல்லையா தம்பி?" என்று கேட்டார்.

பிழை அங்கேதான் விளங்கியது. அந்தத் தகட்டில் ஒவ்வொரு கீறலும் ஒரு குட்டி வாய்க்கால். நீளவாக்கில் அது வழவழப்பு, குறுக்குவாக்கில் வளைவு. அதனால் வெளிச்சம் கோட்டின் போக்கில் அதிகம் சிதறாமல், கோட்டுக்குக் குறுக்கே விசிறியடிக்கிறது. உருண்டைப் பல்ப் நீளப் பட்டையாகத் தெரிவது அதனால்தான். நான் செய்த படத்தில் கோடு இருந்தது, வெளிச்சம் இல்லை. வெறும் கோடு என்றால் பாய்தானே. ஐயா சொன்னது சரி.

அன்று இரவே மேலே ஒரு கிரேடியன்ட் லேயர், அதாவது வெளிச்சம் படிப்படியாக மாறும் அடுக்கு, போட்டேன். இடமிருந்து வலமாக மங்கல், வெளிச்சம், மங்கல், கொஞ்சம் வெளிச்சம், மறுபடி மங்கல். பட்டைகள் செங்குத்தாக, கீறலுக்குக் குறுக்கே நிற்க வேண்டும். கலப்பு முறை ஓவர்லே. இரண்டு பட்டையும் ஒரே அகலத்தில் வைத்தால் திரைச்சீலை போலாகிவிடும். ஒன்று அகலமாகவும் மற்றது ஒடுக்கமாகவும் இருக்கட்டும். மேலே வெள்ளை, கீழே கறுப்பு என்று போடுவது பலருடைய பழக்கம், என்னுடையதும் அதுதான். கீறல் கிடையாக ஓடும் தகட்டில் அது பொய் வெளிச்சம்.

நொய்ஸைப் பற்றியும் சொல்ல வேண்டும். மங்கலாக்கல் என்றால் பக்கத்துப் புள்ளிகளை, அதாவது பிக்சல்களை, சராசரி எடுப்பதுதான். இழுக்க இழுக்க எல்லாம் நடுச் சாம்பலை நோக்கி வந்துவிடும். 100 புள்ளி தூரம் இழுத்தால் கறுப்பு வெள்ளை வேறுபாடு ஏறத்தாழப் பத்தில் ஒன்றாகிவிடும். அதனால் நொய்ஸைத் தயங்காமல் அள்ளிப் போடலாம். பிறகு கறுப்பு வெள்ளை அளவைத் திருத்தும் லெவல்ஸில் இரு பக்க முக்கோணங்களையும் உள்ளே தள்ள வேண்டும். நிறப் படிகள் குறைவான 8 பிட் கோப்பில் அப்படித் தள்ளினால் சாம்பல் நிறம் படிக்கட்டாக உடையும். தொடங்கும்போதே 16 பிட்டில் தொடங்குங்கள். ஓரங்களையும் கவனியுங்கள். விளிம்புக்கு வெளியே புள்ளி இல்லாததால், மோஷன் பிளர் விளிம்புப் புள்ளியையே திரும்பத் திரும்ப இழுத்துத் தடித்த கீற்றாக்கும். படத்தை அகலமாகத் தொடங்கி, கடைசியில் இரு பக்கமும் வெட்டிவிட்டால் சரி.

உங்கள் கதைகளையும் எழுதுங்கள். பாய் பின்னியது நான் மட்டும்தானா?

மூதூர் மாணவன்:

நீங்கள் மட்டும் இல்லை அண்ணா. நான் கிம்ப் என்ற இலவச மென்பொருளில் செய்தேன். ஃபோட்டோஷொப்புக்கு மாதக் காசு கட்ட வசதியில்லை, திருட்டுப் பதிப்பைப் போட்ட நண்பனின் மடிக்கணினிக்கு நடந்ததைப் பார்த்த பிறகு அந்த ஆசையும் போய்விட்டது. கிம்ப்பில் ஆர்ஜிபி நொய்ஸ் போடும்போது மூன்று நிறமும் தனித்தனியாக மாறும் என்ற தெரிவை எடுத்துவிட வேண்டும். அப்புறம் லீனியர் மோஷன் பிளர். எல்லாம் அதேதான்.

2022 மார்ச் கடைசியில் இலங்கையில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்ததே, அந்த நாட்களில்தான் இதைப் பழகினேன். மடிக்கணினியின் பற்றரி அப்போதே கிழடு. ஒரு போட்டிக்கான சுவரொட்டி, கீறல்கள் அருமையாக வந்திருந்தன, சேமிக்கவில்லை. வெளிச்சம் போனது, தகடும் போனது. மறுநாள் திரும்பச் செய்தபோது அதே எண்களைப் போட்டும் அதே கீறல் வரவில்லை. நொய்ஸ் ஒவ்வொரு தரமும் புதிதாகத்தான் விழும் போல. இப்போது பிடித்த கீறல் வந்தவுடன் அதைத் தனி லேயராக வைத்துச் சேமித்துவிடுகிறேன்.

ஒரு கேள்வி: கீறல் எல்லாம் ஒரே நீளமாக, மழைக்கோடு போல வருகிறது. என்ன செய்யலாம்?

கடைசல் பட்டறை:

எனக்கு டிசைன் தெரியாது, லேத் தெரியும். மகன் ஏதோ பாட்டுக் கேட்கும் செயலிக்கு வட்டத் திருகு ஒன்று வரைந்துகொண்டிருந்தான். சதுரக் கோப்பில் நொய்ஸ் போட்டு, வட்டமாகச் சுழற்றி மங்கலாக்கும் ரேடியல் பிளரில் ஸ்பின் தெரிவு செய்து, தரம் பெஸ்ட், அளவு 100 என்று இரண்டு தடவை ஓடவிட்டான். கீறல் வட்டம் வட்டமாக அழகாக வந்தது. ஆனால் கேத்தல் மூடி போலவும் இல்லை, லேத்தில் இருந்து இறக்கிய சாமான் போலவும் இல்லை. ஏன் அப்பா என்று கேட்டான்.

சாமி அறையில் இருந்த குத்துவிளக்கின் அடித்தட்டைக் கழற்றிக் கொண்டுவந்து கொடுத்தேன். கடைந்த பித்தளை, கீறல் எல்லாம் வட்டமாக. ஜன்னலுக்கு எதிரே பிடித்தால் நடுவில் இருந்து இரண்டு பக்கமும் விசிறி விரித்தது போல ஒளி. உடுக்கைத் தோற்றம். அறைக்குள் லைட்டையும் போட்டால் இன்னொரு உடுக்கை குறுக்கே விழும். மேலே தம்பி சொன்ன விதிதான் இது. வட்டக் கீறலுக்குக் குறுக்கே என்றால் நடுவில் இருந்து விளிம்பு நோக்கி என்றுதானே அர்த்தம்.

அப்புறம் அவனிடம் தட்டைச் சுழற்றிப் பார்க்கச் சொன்னேன். தட்டு சுற்றுகிறது, விசிறி அசையவில்லை! லேத்தில் தினமும் பார்ப்பது எனக்கு. அவனுக்கு அது பெரிய அதிசயம். ஒளி எங்கே நிற்கும் என்பதை விளக்கும் கண்ணும் சேர்ந்து முடிவு செய்கின்றன, தட்டு இல்லை. அவன் அதுவரை திருகைச் சுழற்றும்போது படத்தை மொத்தமாகச் சுழற்றியிருக்கிறான், வெளிச்சமும் கூடச் சுற்றியிருக்கிறது. இப்போது அடையாளக் கோட்டை மட்டும் சுழற்றுகிறான். விசிறிக்கு, நடுவைச் சுற்றி வெளிச்சம் மாறும் ஆங்கிள் கிரேடியன்ட் போட்டான், கிம்ப்பில் அதற்குப் பெயர் கோனிக்கலாம். சரியாக நடுவில் மட்டும் கீறல் குழம்பி ஒரு புள்ளி தெரிந்தது. அதன் மேல் ஒரு சின்னக் குமிழ் வைத்து மறைத்துவிட்டான். நாங்கள் பட்டறையில் செய்வதும் அதுதான்.

குசினிக் கமரா:

நான் இந்த வித்தை ஒன்றும் செய்யவில்லை. சாப்பாட்டுக் கடைப் பட்டியல் ஒன்றுக்கு, குசினி சிங்க் பக்கத்துத் தகட்டை அப்படியே போனில் படம் எடுத்தேன். முதல் படத்தில் என் கையும் போனும் பின்னால் தொங்கிய துவாயும் எல்லாம் மங்கலாகத் தெரிந்தன. மப்பு நாளாகப் பார்த்து, ஜன்னலில் வெள்ளை விரிப்பைக் கட்டி, கொஞ்சம் தள்ளி நின்று எடுத்ததும் தகடு தகடாக வந்தது.

பக்கம் முழுக்க நிரப்ப அதைத் திரும்பத் திரும்ப அடுக்க வேண்டியிருந்தது. ஒட்டு எங்கே தெரிகிறது என்று பார்க்க படத்தை நகர்த்தும் ஓஃப்செட் பில்ட்டரில் பாதி அகலமும் பாதி உயரமும் தள்ளினேன். வேடிக்கை என்னவென்றால், மேலும் கீழும் சேரும் இடத்தில் ஒட்டே தெரியவில்லை. கிடைக் கீறலில் ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் எப்படியும் உறவில்லை. பக்கவாட்டில்தான் கீறல் பாதியில் அறுந்து நின்றது. அந்த ஒரு பட்டையை மட்டும் ஒட்டை மறைக்கும் ஹீலிங் பிரஷ்ஷால் கிடையாக நீவினால் போதும். முதலில் வெளிச்சம் ஒரே சீராக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நாலு பக்கமும் ஒட்டுத் தெரியும்.

தம்பி மூதூர், உங்கள் கேள்விக்கு: என் படத்தைப் பெருப்பித்துப் பார்த்தேன். நீளக் கீறலும் குட்டைக் கீறலும் கலந்தே கிடக்கின்றன, இடையில் ஒன்றிரண்டு சற்றுச் சரிந்தும். ஒரே பிளரில் அது வராது. இரண்டு நொய்ஸ் லேயர் வைத்து, ஒன்றை 300 புள்ளி, மற்றதை 40 புள்ளி இழுத்து, சொஃப்ட் லைட் கலப்பு முறையில் கலந்து பாருங்கள்.

பெனர் அடிக்கிறவன்:

திரையில் அழகாக இருந்த தகடுகள் என் மெஷினில் எத்தனை செத்துப்போயின என்று சொன்னால் அழுவீர்கள்.

ஒரு புள்ளிக் கீறல் கொண்ட படத்தைத் தருகிறார்கள். பத்தடி பெனரை ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தால் கீறல் எல்லாம் கரைந்து வெறும் சாம்பல். பார்க்கப் போகும் தூரத்துக்கு ஏற்பக் கீறலைத் தடிப்பாக்க வேண்டும். நொய்ஸ் படத்தைச் சின்னதாகச் செய்து நாலு மடங்கு பெருப்பித்தாலே தடித்துவிடும்.

அடுத்தது நிறம். திரைச் சாம்பல் நாலு மையாகப் பிரிந்து விழும்போது ஒரு மை கொஞ்சம் கூடினாலும் எவர்சில்வர் ரோஸ் நிறமாகிவிடும். ஒரு கல்யாண மண்டபத்துப் பெனர் எனக்கு அப்படிப் போனது. திரும்ப அடித்துக் கொடுத்தேன், காசு என்னுடையது. இப்போது ஓர் அடித் துண்டு அடித்துப் பகல் வெளிச்சத்தில் பார்க்காமல் பெரியதைத் தொடுவதில்லை.

எல்லாவற்றிலும் மோசம் வாட்ஸ்அப். கீறல் படம் ஜேபெக் சுருக்கத்துக்குப் பரம எதிரி. 8க்கு 8 புள்ளிக் கட்டங்களாக வெட்டிச் சுருக்கும்போது மெல்லிய கீறல்தான் முதலில் போகும், தகடு சாரக் கட்டம் போல வந்து நிற்கும். ஆவணமாக அனுப்புங்கள், இல்லை பென் டிரைவில் கொண்டுவாருங்கள். திருகோணமலை அப்படி ஒன்றும் பெரிய ஊர் இல்லை.

ஒட்டுவேலைக்காரன்:

எல்லாம் சரி, வெல்டிங்காரன் ஒன்றைச் சொல்லவா? வெளியில் மாட்டும் தகட்டுக்கு நாங்கள் கீறலைக் கிடையாக வைப்பதில்லை. நிலைக்குத்தாக வைப்போம். கிடையாக வைத்தால் உப்பு அந்த வாய்க்கால்களில் தங்கும், கறை பிடிக்கும். நிலைக்குத்தாக இருந்தால் மழை கழுவிக்கொண்டு போகும். கடற்கரைக்கு 304 ரக எவர்சில்வர் வேண்டாம், 316 ரகம் போடுங்கள் என்று சொல்வதும் இதே உப்புக்காகத்தான், அதில் மொலிப்டினம் சேர்ந்திருக்கிறது. நிலாவெளிப் பக்கம் விடுதிக் கைப்பிடிகளில் செம்மண் தெளித்தது போலப் புள்ளி பார்த்திருப்பீர்கள். எவர்சில்வர் துருப்பிடிக்காது என்று யார் சொன்னது?

உப்புவெளித் தம்பி, உங்கள் படத்தில் எங்களைப் போன்றவர்களுக்கு அது உறுத்தும். உங்கள் வாடிக்கையாளருக்கும் உறுத்தியிருக்கலாம், எஞ்சின்காரர் அல்லவா.

உப்புவெளி டிசைனர்:

இதை வாசித்துவிட்டு நேற்றுக் கோப்பைத் திறந்தேன். நல்லவேளை, பிறகும் மாற்றக்கூடிய ஸ்மார்ட் பில்ட்டராக வைத்திருந்ததால் மோஷன் பிளரின் கோணத்தை 90 ஆக்கினால் போதுமாக இருந்தது. ஆனால் படம் உடனே செத்துப்போனது. வெளிச்சப் பட்டைகள் இன்னும் செங்குத்தாகவே நின்றன, கீறலும் செங்குத்து, மறுபடி பாய். கிரேடியன்ட்டையும் திருப்பிப் பட்டைகளைக் கிடையாக்கினேன். வெளிப் பலகைக்கு இது இன்னும் பொருத்தம், வானம் மேலே, தரை கீழே என்று பார்த்த கண்ணுக்கு இயல்பாக இருக்கிறது. முன்பு பொய் வெளிச்சம் என்று நானே திட்டிய மேலே வெள்ளை, கீழே கறுப்பு இங்கே மெய்யாகிவிட்டது.

எழுத்தை வெட்டியது போலக் காட்ட, மேல் விளிம்பின் உள்ளே மெல்லிய நிழல், கீழ் விளிம்பில் ஒரு புள்ளி வெள்ளைக் கோடு. மாற்றிப் போட்டால் எழுத்து புடைத்து நிற்கும். எழுத்தின் உள்ளே கீறலே வேண்டாம், அங்கே அரத்தாள் போயிருக்காது.

ஐயாவிடம் ஓர் அடித் துண்டைக் காட்டினேன். இந்த முறையும் நகத்தால்தான் சுரண்டினார். "கீறல இப்ப சரியாப் போட்டிருக்கீங்க" என்றார், முந்தியதில் அது குறுக்கே கிடந்ததைக் கவனித்தே இருக்கிறார், சொல்லவில்லை. முழு அளவு நாளைக்கு பெனர் அண்ணனிடம் போகிறது. பென் டிரைவில்தான்.