டபுள்வைட் வீட்டில் குளிர்காலத்தில் மட்டும் சீலிங் கறை: அட்டிக் வென்ட் போதவில்லையா?

பனிக்காட்டான்:
வணக்கம். மிச்சிகனில் கலமசூ பக்கம் மேனுஃபாக்சர்டு ஹோமில், அதாவது ஃபாக்டரியில் கட்டிக் கொண்டுவரும் வீட்டில், இருக்கிறோம். இரண்டு பாதியாக லாரியில் வந்து இங்கே சேர்த்த டபுள்வைட். 1998இல் கட்டியது, ஷிங்கிள் கூரை, 1,500 சதுர அடி.

ஹாலில் இரண்டு பாதியும் சேரும் கோட்டை ஒட்டி, டீ சிந்தியதுபோல வரிசையாகக் கறை. மழைக்கு ஒரு சொட்டுகூட ஒழுகியதில்லை. ஒரு வாரம் உறைகுளிராக இருந்துவிட்டு அப்புறம் பளிச்சென்று வெயில் அடித்த அன்று மத்தியானம்தான் சொட்டியது. வந்து பார்த்த கூரைக்காரர், மேலே அட்டிக்கில் (சீலிங்குக்கும் கூரைக்கும் நடுவிலுள்ள இடம்) காற்றை வெளியே இழுக்கும் பவர் ஃபேன் வைத்தால் சரியாகும் என்கிறார். வைக்கலாமா? அங்கே ஏறிப் பார்க்க வழி இல்லை.

ஆணியடிச்சான்:
வைக்காதீர்கள். உங்கள் கூரை ஒழுகவில்லை. வீட்டுக்குள்ளிருந்து மேலே போன ஈரம்தான் திரும்பி வருகிறது.

சீலிங் ஓட்டைகள் வழியாகச் சூடான ஈரக்காற்று ஏறுகிறது. கூரைப் பலகையைத் துளைத்துக்கொண்டு நிற்கும் ஆணி முனைகள்தான் அங்கே நல்ல குளிர்ச்சி. ஒவ்வொரு முனையிலும் பனி கட்டும். வெயில் பட்டதும் மொத்தமும் ஒரே நேரத்தில் உருகும். பவர் ஃபேன் வைத்தால் அந்த ஓட்டைகள் வழியாகவே வீட்டுக் காற்றை இன்னும் உறிஞ்சும். காசு கொடுத்துச் சூடாக்கிய காற்றும் போகும்.

வீட்டுக்குள் ஈரப்பதம் எவ்வளவு? பாத்ரூம் ஃபேன் இழுக்கிறதா?

பனிக்காட்டான்:
மீட்டரில் 56%. வீட்டில் மூன்று வேளையும் சமையல், இட்லிப் பானை அடுப்பை விட்டு இறங்குவதே இல்லை. கிச்சன் எக்ஸாஸ்ட் சத்தம் என்று அம்மா போட விடுவதில்லை. பாத்ரூம் ஃபேனில் டிஷ்யூ ஒட்டுகிறது, அதனால் அது சரியாகத்தான் இருக்கிறது.

ஆணியடிச்சான்:
அந்தக் குளிருக்கு 56% மிக அதிகம். 40க்குக் கீழே கொண்டுவாருங்கள். டிஷ்யூ ஒட்டினால் ஃபேன் இழுக்கிறது என்றுதான் அர்த்தம், இழுத்ததை எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பது தெரியாது. குளிரான காலையில் வெந்நீரைத் திறந்து ஃபேனைப் போட்டுவிட்டு, வெளியே ஒருவரை நிறுத்தி கூரைக் குழாயைப் பார்க்கச் சொல்லுங்கள். ஆவி புகைபோல வர வேண்டும்.

இரண்டாவது, அந்தச் சேரும் கோடு. மேரேஜ் லைன் என்பார்கள். டபுள்வைட்டில் பெரிய ஓட்டையே அதுதான், வீட்டுக்கடியிலிருந்து முகடு வரை ஒரே சந்து. சீலிங்குக்குப் பின்னால் நீராவித் தடுப்பு இருந்தாலும், சந்து வழியே காற்றோடு போகிற ஈரத்தை அது என்ன செய்யும்? ஊதுபத்தி ஏற்றி டிரிம் ஓரமாகக் காட்டுங்கள்.

கணக்குப்பிள்ளை:
வென்ட் கணக்கையும் பார்த்துவிடலாம். 1976 ஜூன் 15 முதல் இந்த வீடுகளுக்கெல்லாம் ஹட் கோடு (HUD code) என்ற அமெரிக்க மத்திய அரசின் கட்டுமான விதிதான். அட்டிக் தரைப்பரப்பில் 300இல் ஒரு பங்கு காற்றுத் திறப்பு வேண்டும். உங்களுக்கு 5 சதுர அடி, அதாவது 720 சதுர அங்குலம். அதில் பாதியாவது மேலே, 40 சதவீதமாவது கீழே சாஃபிட் (கூரை விளிம்பின் அடிப்பகுதி) பக்கம். வென்ட்டின் வெளி அளவை எடுக்காதீர்கள். வலை, தகடு போக மிஞ்சும் திறப்பு எவ்வளவு என்று அட்டையில் போட்டிருக்கும், அதுதான் கணக்கு. சாஃபிட் ஓரத்தில் இன்சுலேஷன் சரிந்து அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். மேலே மட்டும் திறப்பை அதிகமாக்கினால், கீழிருந்து வராத காற்று உங்கள் ஹாலிலிருந்து வரும்.

தகரக்கூரை:
குறுக்கே வருகிறேன். எங்களுடையது ஒரே துண்டாக வந்த சிங்கிள்வைட், வெறும் தகரக் கூரை, வென்ட்டே இல்லை. போடணுமா?

கணக்குப்பிள்ளை:
தகரத்துக்கடியில் பலகை இல்லாத சிங்கிள்வைட்டுக்கு ஹட் கோடே விலக்கு தருகிறது. ஆனால் லைட், வயர், குழாய் போகும் ஓட்டைகளை அடைத்திருக்க வேண்டும். அடையுங்கள், கூரையை வெட்டாதீர்கள்.

பனிக்காட்டான்:
மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். கூரைக் குழாயில் ஆவியே வரவில்லை! பாத்ரூம் ஃபேன் பெட்டியைக் கழற்றிக் கையை விட்டால், குழாய் கழன்று இன்சுலேஷன் மேல் கிடக்கிறது. சுற்றிலும் ஒரு தாம்பாளம் அகலத்துக்கு நனைந்து கட்டியாகியிருந்தது. செல்லுலோஸ், பழைய செய்தித்தாளை அரைத்ததுதானே. கையில் எடுத்தால் மழையில் நனைந்த பேப்பர் கட்டு மாதிரியே இருந்தது. அதை அள்ளிப் போட்டுவிட்டு, குழாயை கிளாம்ப் போட்டு ஃபாயில் டேப் சுற்றினேன்.

ஊதுபத்திப் புகை மேரேஜ் லைன் டிரிம் ஓரம் போனதும் சர்ரென்று மேலே ஏறியது. டிரிமைக் கழற்றினால் விரல் நுழையும் சந்து. ஃபோம் அடித்து மூடினேன். வீட்டுக்கடியில் மண்மேல் போட்ட பாலிதீன் ஒரு மூலையில் கிழிந்திருந்தது, அதையும் கனமான 6 மில் ஷீட்டால் மாற்றியாயிற்று. அம்மாவிடம் பேசி, இட்லி வேகும்போது மட்டும் எக்ஸாஸ்ட் என்று ஒப்பந்தம். இப்போது மீட்டர் 38. போன வாரம் உறைந்து, திங்கட்கிழமை வெயிலும் வந்தது. சொட்டவில்லை. பவர் ஃபேன் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

கறைமேல் பெயின்ட் அடித்துவிடலாமா?

ஆணியடிச்சான்:
இன்னும் இரண்டு உறைகுளிர் போகட்டும். அதுவரை கறையைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டு வையுங்கள், பரவினால் தெரிந்துவிடும். அப்புறம் கறையை மறைக்கும் ஷெல்லாக் பிரைமர் ஒரு கோட், அதன்மேல் பெயின்ட். நேராகப் பெயின்ட் அடித்தால் ஒரு மாதத்தில் கறை எட்டிப் பார்க்கும். பிரைமர் நாற்றம் தாங்காது, ஜன்னலைத் திறந்து வைத்து அடியுங்கள்.