நீலகிரியில் நாலு நாள்: ஊட்டி வேண்டாம், வேறு எந்த ஊரில் தங்கலாம்?

மதுரை_மீனா:
வணக்கம். காலாண்டு விடுமுறையில் நாலு நாள் நீலகிரி வருகிறோம். நான், வீட்டுக்காரர், இரண்டு பிள்ளைகள், முட்டிவலிக்கார அம்மா. சொந்தக் கார்தான். ஊட்டியில் ரூம் போடுவதில்லை என்பது மட்டும் முடிவு. போன தடவை சேரிங் கிராஸில் ஹாரன் சத்தம் கேட்டது போதும். ஒரே ஊரில் பெட்டியை இறக்கிவிட்டு, காலையில் கிளம்பிச் சுற்றிவிட்டு, சாயங்காலம் திரும்பி நிம்மதியாக உட்கார வேண்டும். குன்னூர் என்கிறார்கள், கோத்தகிரி என்கிறார்கள். உள்ளூர்க்காரர்கள் யாராவது சொல்லுங்களேன்.

அரவேணுக்காரன்:
கோத்தகிரியில் தங்குங்கள் தங்கச்சி. சொந்த ஊர் என்பதால் சொல்கிறேன் என்று நினைப்பீர்கள். கொஞ்சம் அதுவும்தான்.

முதலில் மழையைப் பார்க்க வேண்டும். தென்மேற்குப் பருவமழை அவலாஞ்சி, குந்தா, கூடலூர் பக்கம்தான் கொட்டும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. பெய்தது. தொட்டபெட்டாவைத் தாண்டி எங்கள் பக்கம் வருவதற்குள் அது சாரலாகிவிடும். எங்களுக்கு மழை என்றால் ஐப்பசி, கார்த்திகைதான். 2009 நவம்பரில் கேத்தி, கோத்தகிரி பக்கமெல்லாம் மண் சரிந்து பலர் இறந்தார்கள். அதனால் காலாண்டு விடுமுறை சரியான நேரம். லீவு கிடைக்கவில்லை, தீபாவளியை ஒட்டி வருகிறோம் என்று மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி 33 கி.மீ. அங்கிருந்து குன்னூர் இருபது சொச்சம், ஊட்டி முப்பதுக்குள். கோடநாடு காட்சிமுனைக்குக் காலையிலேயே போய்விடுங்கள். கீழே மாயாறு வளைந்து ஓடுவதும் தெங்குமரஹாடாவின் வயல்களும் தெரியும். மஞ்சு மூடிவிட்டால் உடனே வண்டியைத் திருப்பாதீர்கள். கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றால் ஒரு மூலை திறக்கும், முதலில் ஆறு தெரியும், அப்புறம் வயல். கேத்தரின் அருவி எங்கள் அரவேணு பக்கம்தான். ஆனால் இங்கிருந்து பார்த்தால் அதன் தலை மட்டும்தான் தெரியும். முழுசாகப் பார்க்கக் குன்னூர் டால்பின் நோஸ் காட்சிமுனைக்குத்தான் போக வேண்டும். எங்கள் அருவியை அவர்கள் ஊரில் நின்று பார்க்க வேண்டியிருக்கிறது, என்ன செய்ய! கன்னேரிமுக்கில், அந்தக் காலத்துக் கோவை கலெக்டர் சல்லிவன் 1819-இல் கட்டிய பங்களா இருக்கிறது. அரை மணி நேரம் போதும்.

அம்மாவுக்காக ஒன்று. ரூம் போடும்போது கார் நிறுத்தும் இடத்திலிருந்து அறைக்கு எத்தனை படி என்று போனிலேயே கேளுங்கள். இங்கே எல்லாமே சரிவில் கட்டியது. போட்டோவில் பூந்தொட்டி தெரியும், படி தெரியாது. ‘கொஞ்சம்தான் மேடம்’ என்றால் எண்ணிச் சொல்லச் சொல்லுங்கள். பஸ் ஸ்டாண்டை ஒட்டி எடுக்காதீர்கள். விடிவதற்கு முன்பே பஸ்கள் உறுமத் தொடங்கிவிடும்.

வெலிங்டன்வாசி:
அரவேணு அண்ணா சொன்னதில் தப்பில்லை. ஆனால் பிள்ளைகள் இருக்கிறார்கள், மலை ரயிலை விட்டுவிட்டாரே! பல்சக்கரத்தில் நீராவி எஞ்சின் ஏறுவது கல்லாறிலிருந்து குன்னூர் வரைதான், அதற்கு மேல் டீசல். மேட்டுப்பாளையத்தில் ஏற டிக்கெட் கிடைக்காவிட்டாலும், குன்னூரில் தங்கினால் ஊட்டிக்கு ரயிலிலேயே போய் வரலாம். சிம்ஸ் பூங்காவும் இங்கேதான். மேல் குன்னூர் பக்கம் ரூம் பாருங்கள், அங்கே சத்தம் இருக்காது.

அரவேணுக்காரன்:
ரயில் விஷயம் சரி, ஒத்துக்கொள்கிறேன். அதற்காகக் குன்னூரில் தங்கவேண்டியதில்லை. வீட்டுக்காரர் உங்களைக் குன்னூர் ஸ்டேஷனில் இறக்கிவிட்டு, காரை ஓட்டிக்கொண்டு ஊட்டிக்கு முந்தின ஸ்டேஷனான லவ்டேல் வந்துவிடட்டும். நீங்கள் லவ்டேலிலேயே இறங்கிக்கொண்டால் ஊட்டி நெரிசலுக்குள் போகவே வேண்டாம். பாவம், அவருக்குத்தான் ரயில் இல்லை. டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்துவிடுங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், அப்புறம் மறைத்துவிட்டேன் என்று வரக்கூடாது. மே மாத சீசனில் ஏறுவது குன்னூர் வழி, இறங்குவது கோத்தகிரி வழி என்று ஒருவழிப் பாதை ஆக்கிவிடுவார்கள். அப்போது ஊட்டிக் கூட்டம் மொத்தமும் எங்கள் தலைமேல்தான் இறங்கும். அந்த நேரத்தில் கோத்தகிரி அமைதியான ஊர் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உங்கள் சமயத்தில் அந்தத் தொல்லை இல்லை.

மஞ்சூர்_மணி:
அமைதி என்றால் மஞ்சூர்தான், அப்பர் பவானி அணைப் பக்கமெல்லாம் இங்கிருந்துதான் போக வேண்டும். ஆனால் அம்மாவோடு வராதீர்கள். பெரிய ஆஸ்பத்திரிக்கு ஊட்டி வரை ஓட வேண்டும், சாப்பாட்டுக் கடையும் சீக்கிரம் மூடிவிடுவார்கள். வீட்டுக்காரரும் நீங்களும் மட்டும் வரும்போது சொல்லுங்கள்.

மதுரை_மீனா:
எல்லோருக்கும் நன்றி. கோத்தகிரி என்றே முடிவு செய்துவிட்டோம். படி கேட்டேன், முதலில் போன் செய்த இடத்தில் 42! வேறு இடம் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கரடி வரும் என்று சொல்லி என் பெரியவன் தம்பியைப் பயமுறுத்துகிறான். உண்மையா அண்ணா?

அரவேணுக்காரன்:
உண்மைதான், வரும். ராத்திரியில் தின்ன எதாவது கிடைக்குமா என்று வீட்டுப் பக்கமே வந்து தேடும். இருட்டிய பிறகு நடக்கப் போகாதீர்கள், ரூமுக்கு வெளியே சாப்பாட்டு மிச்சம் வைக்காதீர்கள், அது போதும். பகலில் தேயிலைக்குள் காட்டுமாடு நிற்கும். சாதுவாகத்தான் தெரியும், போட்டோ எடுக்கக் கிட்டே போய்விடாதீர்கள்.

சாயங்காலம் திரும்பும்போது வளைவில் லாரி நின்றால் ஹாரன் அடிக்க வேண்டாம். பசுந்தேயிலை எடை போட்டு ஏற்றுகிற நேரம் அது. மூட்டை ஏறியதும் வழி விடுவார்கள்.

மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும் வழியில் குஞ்சப்பனை செக்போஸ்டில் வண்டிக்கு இ-பாஸ் கேட்பார்கள், வீட்டிலிருந்தே எடுத்துவிடுங்கள். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் மலையில் தடை, வாங்கி வைத்துக்கொள்வார்கள். பிள்ளைகளுக்கு எவர்சில்வர் பாட்டில் கொண்டுவாருங்கள்.