நாஷ்வில்லில் ஒரு திங்கட்கிழமை முற்பகல்

அமெரிக்க நாட்டுப்புறப் பாட்டிலிருந்து வளர்ந்த கன்ட்ரி இசையைக் கேட்க டென்னசி மாநிலத்து நாஷ்வில் போகிறவர்கள் பிராட்வே தெருவுக்குக் கட்டாயம் ஒரு முற்பகலில் போய்ப் பாருங்கள். சனிக்கிழமை ராத்திரி நான் போனபோது அங்குள்ள மதுக்கூடங்களில் கடைக்குக் கடை மேடை, மாடிக்கு மாடி ஒலிபெருக்கி. எந்தப் பாட்டு எங்கிருந்து வருகிறது என்றே பிரிக்க முடியவில்லை. திங்கட்கிழமை பதினோரு மணிக்கு மறுபடி போனேன். கேட்பதற்கு ஆறேழு பேர்தான். மேடையில் நாலு பேர், அரங்கம் நிறைந்திருந்தால் எப்படி வாசிப்பார்களோ அப்படியே வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

பெடல் ஸ்டீல் கிட்டார் வாசித்த பெரியவருக்கு எழுபது வயதாவது இருக்கும். அந்த வாத்தியம் மேசை மாதிரி படுத்திருக்கிறது. இடது கையில் கம்பிகள்மேல் உருட்டும் உலோகத் துண்டு, வலது கை மீட்ட, பாதம் பெடலை அழுத்த, முழங்கால் பக்கவாட்டில் ஒரு நெம்புகோலைத் தள்ளுகிறது. இத்தனையும் சேர்ந்தால்தான் அந்த இழுவை வரும். சித்திரவீணை கேட்டு வளர்ந்த எனக்கு, சுரத்துக்குச் சுரம் அறுபடாமல் வழுக்கிப் போகும் அந்த ஒலி சொந்தக்காரர் குரல் மாதிரி இருந்தது.

நடுவில் பாடகி ஒரு வாளியோடு மேசை மேசையாக வந்தார். இந்தக் கடைகள் பலவற்றில் நுழைவுக் கட்டணம் கிடையாது; வாசிப்பவர்கள் டிப்ஸை நம்பித்தான் இருக்கிறார்கள். போகிறவர்கள் தயவுசெய்து கையில் சில்லறை நோட்டு வைத்திருங்கள்.

இடைவேளையில் பெரியவரிடம் பேசினேன். அவர் பக்கத்தில் ஒரு காகிதம், அதில் வெறும் எண்கள்: 1, 4, 5, 1. பாட்டுக்குத் துணையாக ஒலிக்கும் சுரக்கூட்டங்களை (chords) C, G என்று எழுத்தால் எழுதாமல், ஆதார சுரத்திலிருந்து எண்ணி எண்ணால் குறிக்கும் முறையாம். 1950-களின் கடைசியில் ஜார்டனேர்ஸ் பாடகர் குழுவின் நீல் மாத்யூஸ் தொடங்கி வைத்தது. இன்று ஊரே அதில்தான் பதிவு செய்கிறது. "பாடுகிறவருக்குத் தொண்டை கட்டியிருந்தால் சுருதியை இறக்கிக்கொள்வோம். காகிதத்தை மாற்ற வேண்டியதில்லை" என்றார். நம் பாடகர்கள் கட்டையைக் குறைத்துக்கொண்டாலும் சரிகம மாறாதே, அதே கணக்குதான். சொன்னதும் அவருக்கு அவ்வளவு சந்தோஷம்.

தெருவுக்குப் பின்னாலேயே ரைமன் அரங்கம். 1892-ல் வழிபாட்டுக்காகக் கட்டியது. தேவாலய பெஞ்சுகளில்தான் இன்றும் உட்கார்ந்து கேட்கிறார்கள். 1943 முதல் 1974 வரை கிராண்ட் ஓல் ஓப்ரி என்ற கன்ட்ரி இசை வானொலி நிகழ்ச்சி நடந்தது இங்கேதான். புது அரங்கத்துக்குப் போனபோது ரைமன் மேடைப் பலகையில் ஆறடி வட்டம் ஒன்றை அறுத்துக்கொண்டுபோய் அங்கே நடுமேடையில் பதித்தார்கள். 2010 மே வெள்ளத்தில் அந்த மேடை மூழ்கியது. வட்டத்தைச் சீர்செய்து திரும்பவும் அதே இடத்தில் வைத்தார்கள்.

"அந்த வட்டத்தில் நின்றிருக்கிறீர்களா?" என்று பெரியவரிடம் கேட்டிருந்தேன். "அது பாடுகிறவர் நிற்கும் இடம். நான் பின்னால் உட்கார்ந்து வாசித்திருக்கிறேன், இரண்டு தடவை" என்றார்.

மறுநாள் சுற்றுலாக் குழுவோடு போய் அதில் நின்றேன். சுற்றியுள்ள பலகையைவிட நிறம் வேறு, நிறையக் கீறல்கள். எல்லோரும் இருக்கைகளைப் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். நான் பின்னால் திரும்பி, அவர் எந்த இடத்தில் உட்கார்ந்திருப்பார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.