பழைய தோட்ட டிராக்டருக்கு எந்த எண்ணெய்?

வணக்கம். ஒஹாயோவில் வீடு வாங்கியபோது கொட்டகையில் கிடந்த பழைய தோட்ட டிராக்டரும் சேர்ந்து வந்தது. ஹைட்ரோஸ்டாட்டிக் வண்டி, அதாவது இன்ஜின் விசையை எண்ணெய் அழுத்தத்தால் சக்கரங்களுக்குக் கடத்தும் டிரான்ஸ்மிஷன் கொண்டது. அரை மணி நேரம் புல் வெட்டியதும் சூடேறி, மேட்டில் மூச்சு வாங்குகிறது. டிரான்ஸ்மிஷன் எண்ணெயின் அளவுக்குச்சியைத் துடைத்துவிட்டு மறுபடி விட்டு எடுத்தேன். எண்ணெய் மோர் நிறத்தில் ஒட்டிக்கொண்டு வருகிறது. தண்ணீர் புகுந்திருக்கிறது, மாற்றியே ஆக வேண்டும்.

சிக்கல் இதுதான்: கையேடு இல்லை, மாடல் தகட்டைத் துரு தின்றுவிட்டது. அக்காலத்து வண்டிகளில் சிலவற்றுக்குச் சிவப்பு ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷன் எண்ணெய்), சிலவற்றுக்கு இன்ஜின் எண்ணெய். குத்துமதிப்பாக ஊற்ற எனக்குத் துணிவில்லை. டிரான்ஸ்மிஷன் பெட்டியில் தயாரிப்பு எண் (நம்பர்) எந்தப் பக்கம் இருக்கும்? வடித்த பிறகும் உள்ளே தங்கும் பழைய எண்ணெயை எப்படி வெளியேற்றுவது? பின்சக்கரங்களைத் தூக்கி நிறுத்தி, முன்னும் பின்னும் மெல்ல ஓட்டிக் காற்றை எடுக்க வேண்டும் என்பது தெரியும். ஒருமுறை மாற்றினால் போதுமா, சில மணி நேரம் ஓட்டிவிட்டு மறுபடியும் மாற்ற வேண்டுமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். புல் முழங்கால் வரை வளர்ந்துவிட்டது.