மேடையில் யார் ஏறினார்கள்? பள்ளிக்குக் கிடைத்த அங்கீகாரம்: உங்கள் அனுபவம் என்ன?

பட்டர்வொர்த் அம்மா:
என் மகனுக்கு ஆட்டிசம். தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். மாணவர்களே நடத்தும் ஓர் உதவித் திட்டத்துக்காக அவனுடைய பள்ளிக்குக் கடந்த மாதம் கேடயம் கொடுத்தார்கள்.

ஓய்வு நேர மணி அடித்தால் அவன் காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கு அடியில் போய்விடுவான். அதைக் கவனித்த ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகள் நான்கு பேர், மணி அடிப்பதற்கு ஐந்து நிமிடம் முன்னதாகவே அவனை அழைத்துப் போகலாமா என்று ஆசிரியையிடம் போய்க் கேட்டிருக்கிறார்கள். அப்புறம் அவர்களே படம் வரைந்து அட்டைகள் செய்தார்கள். தண்ணீர், கழிப்பறை, நாசி லெமாக், ‘போதும்’. சிற்றுண்டிச்சாலை அக்கா இப்போது அட்டையைப் பார்த்துத்தான் அவனுக்குத் தட்டு கொடுக்கிறார். ‘போதும்’ அட்டையை வீட்டில் என்னிடமும் காட்டுகிறான். அவனுக்குப் போதும் என்பதே எனக்கு இத்தனை நாள் தெரியவில்லை.

முன்பு வேறொரு பள்ளியில், “இங்கே வசதி இல்லைம்மா, வேறு இடம் பாருங்கள்” என்றார்கள். சிறப்புத் தேவையுள்ள பிள்ளையை மலேசியாவில் எந்த அரசாங்கப் பள்ளியும் திருப்பி அனுப்பக் கூடாது என்ற ‘ஜீரோ ரிஜெக்ட்’ கொள்கை 2019-இலேயே நடப்புக்கு வந்துவிட்டது. அன்று அதைச் சொல்லி வாதாட எனக்குத் தெரியவில்லை.

கேடயத்துக்காக மதிப்பிட வந்தவர்கள் கோப்புகளை மட்டும் புரட்டிவிட்டுப் போகவில்லை. ஓய்வு நேரம் முழுக்கச் சிற்றுண்டிச்சாலையில் உட்கார்ந்து பார்த்தார்கள். பரிசளிப்பன்று அந்த நான்கு பேரோடு இவனும் மேடை ஏறினான். “யாரும் கைதட்ட வேண்டாம், இரண்டு கையையும் தூக்கி ஆட்டுங்கள்” என்று ஒரு மாணவி ஒலிபெருக்கியில் சொன்னாள். காதுகேளாதோர் பாராட்டுவது அப்படித்தான். 1954-இல் தொடங்கிய, பினாங்கில் தஞ்சோங் பூங்கா என்ற ஊரில் உள்ள காதுகேளாதோர் பள்ளியில் படித்த அண்ணனிடம் கற்றுக்கொண்டாளாம். மண்டபம் முழுக்கச் சத்தமே இல்லாமல் கைகள் ஆடின. என் மகன் காதைப் பொத்தவில்லை.

ஓய்வுபெற்ற ஆசிரியர், ஜார்ஜ்டவுன்:
படித்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன், அம்மா.

ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் எழுதிய யுபிஎஸ்ஆர் தேர்வை 2021-இல் நீக்கிவிட்டார்கள். அதற்கு முன்பு பள்ளி வேலியில் தொங்கும் பதாகையில் எத்தனை ‘ஏ’ என்பதுதான் இருக்கும். நான் வேலை செய்த ஒரு பள்ளியில் அதற்குப் படம் எடுத்த நாளன்று, சிறப்புக் கல்வி வகுப்புப் பெண் ஒருத்தி தலைவாரிப் பூ வைத்து வரிசையில் வந்து நின்றாள். “நீ இல்லம்மா, வகுப்புக்குப் போ” என்று அனுப்பிவிட்டார்கள். நானும் அங்கேதான் நின்றேன். வாய் திறக்கவில்லை. அந்தக் குற்ற உணர்வு இன்னும் போகவில்லை.

அதனால் இப்படிப்பட்ட திட்டங்களுக்குப் பாராட்டு கிடைப்பது சரியான காரியம். ஆனால் ஒன்று. கேடயம் வாங்கிய பிறகு, பொறுப்பாசிரியர் மாற்றலாகிப் போனதும் திட்டமே நின்றுபோனதைப் பார்த்திருக்கிறேன். கொடுப்பவர்கள் ஒரு வருடம் கழித்து மறுபடி வந்து பார்க்க வேண்டும். உங்கள் பள்ளியில் அந்தப் பிள்ளைகள் ஆறாம் ஆண்டு முடித்துப் போனால் யார் பார்த்துக்கொள்வார்கள்?

பட்டர்வொர்த் அம்மா:
அதே பயம் எனக்கும் இருந்தது, ஐயா. நேற்று ஆசிரியையிடம் கேட்டேன். நான்காம் ஆண்டுப் பிள்ளைகள் ஆறு பேர் கூடவே வந்து பழகுகிறார்களாம். பழைய அட்டைகள் கிழிந்துவிட்டதால் புதிதாக வரைந்து லேமினேட் செய்திருக்கிறார்கள். இந்த முறை ‘விளையாட வா’ என்றும் ஓர் அட்டை இருக்கிறது.